கர்னலுக்குள் எது இருக்கலாம், எது கூடாது: எல்4, எஸ்இஎல்4 பற்றி ஒரு விவாதம்

புதுக்கிளை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் இறுதி ஆண்டு படிக்கிறேன். இரண்டு வாரமாக எஸ்இஎல்4 என்ற கர்னலின் (இயக்கு தளத்தின் மையப் பகுதி) கையேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் கேட்க ஆளில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

லினக்ஸ் கர்னல் மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. எஸ்இஎல்4 சுமார் 10 ஆயிரம் வரி. உள்ளே கோப்பு முறைமை இல்லை, நெட்வொர்க் இல்லை, டைமரையும் இன்டரப்ட் கன்ட்ரோலரையும் விட்டால் ட்ரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) என்று எதுவும் இல்லை. மைக்ரோகர்னல், அதாவது மிக அவசியமானதை மட்டும் உள்ளே வைத்த கர்னல் என்றால் அப்படித்தான் என்று வகுப்பிலேயே சொன்னார்கள், அதை ஏற்றுக்கொள்ள முடிகிறது. ஆனால் கர்னலுக்குள் நினைவகம் ஒதுக்கும் வேலையே கிடையாது என்று படித்தபோது தலை சுற்றிவிட்டது. மெமரியைப் பார்த்துக்கொள்வதுதானே கர்னலின் முதல் வேலை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் புரிய வேண்டியது இதுதான். இப்படி வடிவமைத்தவர்கள் எதை மனதில் வைத்துச் செய்தார்கள்? மைக்ரோகர்னல் மெதுவாக ஓடும் என்று எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறதே, அது உண்மையா? அப்புறம் "பிழையே இல்லை என்று கணித முறையில் நிறுவியாயிற்று" என்கிறார்களே, அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

பழையட்ரைவர் எழுதியது:

தம்பி, முதல் கேள்விக்கு என் சொந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இந்த விஷயம் புரிந்ததே அப்படித்தான்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நீரேற்று நிலையங்களில் வைக்கும் ஒரு டேட்டா லாகரில் வேலை செய்தேன். சின்ன ஏஆர்எம் பலகை, அதில் லினக்ஸ், கூடவே ஒரு வை-ஃபை சில்லு. அந்தச் சில்லுக்கான ட்ரைவரைச் சில்லு விற்றவர்களே கொடுத்தார்கள். எட்டு ஒன்பது நாளுக்கு ஒரு தடவை பெட்டி அப்படியே உறைந்து நின்றுவிடும். பதிவை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு தடவையும் கோப்பு முறைமைக் கோடில்தான் விழுந்திருக்கும், அதுவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு இடத்தில். இரண்டரை மாதம் ஈஎக்ஸ்டி4 என்ற அந்தக் கோப்பு முறைமையையே சந்தேகப்பட்டுத் தோண்டிக்கொண்டிருந்தோம். மெமரி கார்டை மாற்றினோம், பவர் சப்ளையை மாற்றினோம், ஒன்றும் ஆகவில்லை.

கடைசியில் ஒரு நாள் கெட்டுப்போன ஐநோட் (ஒரு கோப்பின் விவரங்களை வைக்கும் பதிவு) ஒன்றை பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தபோது, சம்பந்தமே இல்லாத ஒரு இடத்தில் நான்கு பைட் மட்டும் மாறியிருந்தது. அதை எண்ணாகப் படித்தால் -67. எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வை-ஃபை சிக்னல் பலம்! அந்த நிலையத்தில் எப்போதும் -65, -68 என்றுதான் காட்டும். ட்ரைவர் தன் பஃபரைக் கர்னலிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது, ஆனால் அதன் டைமரை நிறுத்த மறந்துவிட்டது. அந்த டைமர் அவ்வப்போது எழுந்து, தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு, இப்போது வேறொருவர் கையில் இருக்கும் இடத்தில் சிக்னல் அளவை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. வை-ஃபை ட்ரைவர் செய்த தப்புக்குக் கோப்பு முறைமை செத்தது.

எல்லாவற்றையும் உள்ளேயே வைக்கும் மோனோலித்திக் கர்னலில் இதைத் தடுக்க இடமே இல்லை, ஏனென்றால் கர்னலுக்குள் வந்துவிட்ட எல்லாக் கோடும் ஒரே முகவரி வெளியில், ஒரே அதிகாரத்தோடு ஓடுகிறது. ஷெட்யூலர் எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், யாரோ அவசரத்தில் எழுதிய ட்ரைவர் எவ்வளவு நல்லதோ அவ்வளவுதான் அந்த மொத்தக் கர்னலும். எஸ்இஎல்4 பிறந்த எல்4 என்ற மைக்ரோகர்னல் குடும்பம் இதைத்தான் முதல் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. வரிகளைக் குறைத்துக் காட்டுவது அவர்கள் குறிக்கோள் இல்லை. எதையெல்லாம் நீ நம்பியே ஆக வேண்டும் என்ற பட்டியலைச் சுருக்குவதுதான் குறிக்கோள், அதைச் செய்தால் வரி தானாகக் குறையும்.

வேகம் பற்றிய கதை வேறு. 1980களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாக் என்ற கர்னல் வந்தது. உன் பாடப் புத்தகத்தின் "மைக்ரோகர்னல் மெதுவாக ஓடும்" என்ற வாக்கியம் பெரும்பாலும் மாக்கைப் பார்த்து எழுதியதுதான். ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்ப, 50 மெகாஹெர்ட்ஸ் 486-ல் அதற்குச் சுமார் 100 மைக்ரோ விநாடி ஆனது. ஜெர்மனியில் யோகன் லீட்கே என்பவர், பின்னாளில் எல்4-ஐ உருவாக்கியவர், அதே ரகச் சில்லில் அதே வேலையைச் சுமார் 5 மைக்ரோ விநாடியில் முடித்துக் காட்டினார். 1993-ல் வந்த ஆய்வுரை அது. இருபது மடங்கு! 1995-ல் இன்னொரு கட்டுரையில் காரணத்தையும் பிரித்து வைத்தார்: மைக்ரோகர்னல் என்ற யோசனையில் குறை இல்லை, மாக் தானே பெரிய உருவமாக வளர்ந்து, ஒரு செய்தி அனுப்பும்போதெல்லாம் கேஷில் (ப்ராசஸரின் வேக நினைவகம்) இருப்பதைத் துடைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

அதே கட்டுரையில்தான் அவருடைய அளவுகோலும் இருக்கிறது. ஒரு விஷயத்தைக் கர்னலுக்கு வெளியே வைத்தால் சிஸ்டத்துக்குத் தேவையான செயல்பாடே சாத்தியமில்லாமல் போகும் என்றால் மட்டும் அதை உள்ளே விடு. வெளியே வைத்தால் கொஞ்சம் சிரமம், கொஞ்சம் மெதுவாகும் என்பதெல்லாம் உள்ளே வரக் காரணமாகாது. இந்தச் சல்லடையில் போட்டுச் சலித்தால் முகவரி வெளி, த்ரெட் (நிரலுக்குள் ஓடும் ஒரு வேலைத் தொடர்), அவற்றுக்கிடையே செய்திப் போக்குவரத்து என்று மூன்றுதான் மிஞ்சும். நீ கையேட்டில் பார்ப்பது அந்தச் சல்லடையில் தங்கியதைத்தான்.

தரவுக்கூடம் எழுதியது:

பழையட்ரைவர் அண்ணா சொன்ன கதை மாதிரி நானும் இரண்டு மூன்று பார்த்திருக்கிறேன், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் லினக்ஸ் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தத் தம்பி லினக்ஸை எழுதியவர்கள் யோசிக்காமல் எல்லாவற்றையும் உள்ளே திணித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

லினக்ஸின் குறிக்கோளே வேறு. கையில் கிடைக்கும் எந்த வன்பொருளிலும் ஓட வேண்டும், நேற்று ஓடிய நிரல் நாளையும் ஓட வேண்டும், ஒரே பெட்டியிலிருந்து முடிந்த அளவு வேலையைப் பிழிந்தெடுக்க வேண்டும். கர்னலில் பாதிக்கு மேல் ட்ரைவர்தான். வெளியே இருக்கும் பயனர் நிரல்களுக்குக் கொடுத்த வாக்கை மீறவே மாட்டார்கள், ஆனால் கர்னலுக்குள் ட்ரைவர்கள் பயன்படுத்தும் ஃபங்ஷன்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள். இது வேண்டுமென்றே எடுத்த முடிவு. எல்லா ட்ரைவரும் ஒரே மூலக் கோடு மரத்தில் இருப்பதால், ஒரு ஃபங்ஷனை மாற்றுபவரே அதைப் பயன்படுத்தும் நானூறு ட்ரைவரையும் சேர்த்தே திருத்திவிட முடிகிறது. மைக்ரோகர்னல் உலகத்தில் செய்தி வடிவம் ஒரு முறை பத்து சர்வர்களுக்கிடையே உறைந்துவிட்டால் அதை மாற்ற ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியிருக்கும்.

வேகம் பற்றியும் ஒன்று. 1997-ல் டிரெஸ்டனில் எல்4 மேல் லினக்ஸையே ஒரு பயனர் நிரலாக ஓட்டிப் பார்த்தார்கள். சுமார் 5 முதல் 10 விழுக்காடு வேகம் குறைந்தது. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் பத்தாயிரம் சர்வர் வைத்திருப்பவருக்கு 5 விழுக்காடு என்றால் ஐந்நூறு சர்வர். அந்தப் பணத்தை எதற்காகக் கொடுக்கிறோம் என்ற பதில் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, டிஸ்க் ட்ரைவர் தனி ப்ராசஸாக இருந்து செத்துப்போனால் கர்னல் பிழைத்துக்கொள்ளும், சரி. டிஸ்க் இல்லாமல் அந்தச் சிஸ்டம் என்ன செய்யும்?

எழுத்துருவன் எழுதியது:

தரவுக்கூடம் சொன்ன "அந்தப் பணத்தை எதற்காகக் கொடுக்கிறோம்" என்ற கேள்விக்கு விண்டோஸ் என்டி வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது.

1993-ல் வந்த என்டி 3.1-ல் சாளரம் வரைவது, எழுத்து வரைவது எல்லாம் பயனர் பக்கத்தில் தனி ப்ராசஸாக இருந்தன. என்டியை வடிவமைத்த டேவ் கட்லர் குழு வேண்டுமென்றுதான் அப்படிப் பிரித்து வைத்தது. ஆனால் திரையில் ஒவ்வொன்றையும் வரைய ப்ராசஸ் மாற வேண்டியிருந்ததால் திரை மந்தமாக இருந்தது. 1996-ல் என்டி 4.0 வந்தபோது வேகத்துக்காக அந்த மொத்தக் கோடையும் கர்னலுக்குள் கொண்டுவந்தார்கள். பயனர்களும் திரை வேகமாயிற்று என்று சந்தோஷப்பட்டார்கள்.

அதோடு சேர்ந்து உள்ளே போனது என்ன என்று பாருங்கள்: ட்ரூடைப் எழுத்துரு படிக்கும் கோடு. ட்ரூடைப் கோப்பு வெறும் படங்களின் தொகுப்பு கிடையாது. சிறிய அளவிலும் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குட்டி நிரல் அதற்குள்ளேயே இருக்கிறது, அந்த நிரலை ஓட்ட ஒரு இன்டர்பிரெட்டர் வேண்டும். அதாவது முன்பின் தெரியாத யாரோ அனுப்பிய வேர்ட் கோப்பில் பொதிந்திருக்கும் எழுத்துருவின் நிரலை, இயந்திரத்தின் முழு அதிகாரத்தோடு, கர்னல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தது. 2011-ல் வெளிப்பட்ட டூகூ என்ற உளவு நிரல் இந்த வழியாகத்தான் உள்ளே நுழைந்தது. ஆவணத்தைத் திறந்தாலே போதும், கர்னல் அவர்கள் கையில்.

விண்டோஸ் 10-ல்தான் எழுத்துரு படிக்கும் வேலையைக் கர்னலுக்கு வெளியே, அதிகாரம் குறைக்கப்பட்ட தனி ப்ராசஸுக்கு மாற்றினார்கள். கிட்டத்தட்ட இருபது வருடம் ஆயிற்று. 1996-ல் மிச்சப்படுத்திய மில்லி விநாடிகளுக்கு எவ்வளவு விலை கொடுத்தோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனது ஆறுவதில்லை. 1996-ல் இன்டர்நெட் இப்படி வளரும் என்று அவர்களால் கணித்திருக்க முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் லீட்கேயின் சல்லடையில் எழுத்துரு தங்கியிருக்குமா? எந்த வருடத்தில் கேட்டாலும் தங்கியிருக்காது.

நிறுவல் எழுதியது:

மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். இசபெல் என்ற கணித நிறுவல் கருவியில் சில வருடம் வேலை செய்தவள் என்ற உரிமையில்.

சிட்னியில் நிக்டா ஆய்வகத்தில் கெர்வின் கிளைன், கெவின் எல்ஃபின்ஸ்டன், கெர்னாட் ஹைசர் முதலானவர்கள் சேர்ந்து செய்த வேலை, 2009-ல் வெளியானது. அப்போது கர்னல் சுமார் 8,700 வரி சி. அதற்கான நிறுவல் சுமார் 2 லட்சம் வரி. கருவிகள் உருவாக்கியதையும் சேர்த்தால் ஏறத்தாழ 20 ஆள்-ஆண்டு உழைப்பு.

நிறுவியது என்ன? "கர்னல் என்ன செய்ய வேண்டும்" என்று கணித மொழியில் ஒரு விவரிப்பு இருக்கிறது. சி கோடு செய்யும் ஒவ்வொரு செயலும் அந்த விவரிப்பு அனுமதித்த ஒன்றாகவே இருக்கும் என்று நிறுவியிருக்கிறார்கள். அதிலிருந்தே பஃபர் வழிவது, வெற்று பாயின்டரைத் தொடுவது, கர்னல் தானே முடிவில்லாமல் சுற்றுவது எதுவும் நடக்காது என்று வந்துவிடும். சோதனையையெல்லாம் தாண்டி வந்த கோடில், சி நிறுவலின்போது மட்டும் 144 பிழை கண்டுபிடித்தார்கள். நல்ல ஆட்கள், கவனமாக எழுதிய சின்னக் கோடு, அப்படியும் 144.

ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது, நிறுவ வேண்டும் என்ற குறிக்கோள் கர்னலின் வடிவத்தையே மாற்றியிருக்கிறது. எழுதி முடித்த கர்னலை எடுத்து நிறுவினார்கள் என்று நினைத்துவிடாதே புதுக்கிளை. முதலில் ஹாஸ்கெல் மொழியில் ஒரு முன்மாதிரி எழுதினார்கள், அதைக் கணிதக்காரர்களும் படிக்கலாம், கர்னல்காரர்களும் ஓட்டிப் பார்க்கலாம். பிறகுதான் சி. அந்த சி-யிலும் கட்டுப்பாடுகள்: லோக்கல் வேரியபிளின் முகவரியை எடுக்கக் கூடாது, ஃபங்ஷன் பாயின்டர் கூடாது, கோடூ (goto) கூடாது. கர்னலுக்குள் இருக்கும்போது இன்டரப்ட் அணைந்திருக்கும், அதனால் பாதியில் வேறொன்று குறுக்கே வந்து நிலையை மாற்றுமோ என்ற கவலை இல்லை. நீண்ட நேரம் பிடிக்கும் வேலைகளில் மட்டும், முக்கியமாக நிறைய கேபபிலிட்டிகளை (ஒரு பொருளைப் பயன்படுத்த உரிமை தரும் சீட்டுகள்) அழிக்கும்போது, நடுநடுவே நின்று இன்டரப்ட் காத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். ஒரு ப்ராசஸருக்கு ஒரே ஒரு கர்னல் ஸ்டாக்.

நம்பலாமா என்று கேட்டாய். எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு நம்பு. 2009 நிறுவல் வன்பொருள் சரி, கம்பைலர் சரி, கையால் எழுதிய சுமார் 600 வரி அசெம்பிளி சரி, துவக்கக் கோடு சரி என்று வைத்துக்கொண்டு செய்தது. 2013-ல் ஏஆர்எம்-க்கு பைனரி அளவிலேயே சரிபார்த்து, கம்பைலரை நம்ப வேண்டிய தேவையை எடுத்துவிட்டார்கள். எந்தச் சில்லுக்கு, எந்த அமைப்புக்கு நிறுவியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எஸ்இஎல்4 என்று பெயர் இருந்தாலே எல்லாம் நிறுவியாயிற்று என்று விற்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் எந்த அமைப்பு என்று முதலில் கேள்.

புதுக்கிளை எழுதியது:

அனைவருக்கும் நன்றி, -67 கதையை அறை நண்பர்களிடமும் சொன்னேன். ஆனால் மெமரி கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு புது த்ரெட் உருவாக்கினால் அதன் ரெஜிஸ்டர்களைச் சேமிக்க கர்னலுக்கு எங்கேயாவது இடம் வேண்டுமே. அந்த இடம் எங்கிருந்து வருகிறது?

நிறுவல் எழுதியது:

நீ கொடுப்பாய்! அதுதான் இந்த வடிவமைப்பிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

பூட் ஆகும்போது கர்னல் தன் கோடுக்கும் தன் ஸ்டாக்குக்கும் ஒரு நிலையான பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதி உள்ள மெமரி மொத்தத்தையும் "அன்டைப்டு", அதாவது இன்னும் வகை சொல்லப்படாத துண்டுகள் என்று பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கேபபிலிட்டி போட்டு, முதல் பயனர் நிரலின் கையில் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு கர்னலிடம் சொந்தமாக ஒரு பைட்கூட மீதி இல்லை.

இப்போது உனக்கு ஒரு த்ரெட் வேண்டும். உன்னிடம் இருக்கும் ஒரு அன்டைப்டு துண்டைக் காட்டி "இதிலிருந்து ஒரு த்ரெட் பொருளை வெட்டிக் கொடு" என்று கர்னலிடம் சொல்கிறாய். கர்னல் அந்தத் துண்டில் அடுத்த காலி இடம் எது என்று பார்த்து, அளவு போதுமா என்று பார்த்து, துடைத்து, அங்கேயே அந்தப் பொருளை அமைத்துவிட்டு, அதற்கான கேபபிலிட்டியை உன் அட்டவணையில் நீ சொன்ன கட்டத்தில் வைக்கிறது. அந்த இடத்தை அதன் பிறகு உன்னால் நேரடியாகப் படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. ஆனால் அது உன் கணக்கில் போன இடம். துண்டு தீர்ந்தால் உனக்குத்தான் தீர்ந்தது, பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை.

லினக்ஸில் ஒரு நிரல் ஆயிரக்கணக்கில் ப்ராசஸ் கிளப்பினால் ஒவ்வொன்றுக்கும் கர்னல் தன் பொது மெமரியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும், அதனால் பிற்பாடு யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று கணக்கு வைக்க தனியாக ஒரு அடுக்கைச் சேர்த்தார்கள். இங்கே அந்தக் கணக்கே வேண்டாம், கர்னலின் பொது மெமரி என்று ஒன்று இருந்தால்தானே அதை ஒருவர் தீர்க்க முடியும். மெமரி ஒதுக்கீட்டை நிறுவும் வேலையும் இதனால் சுருங்கியது. யாருக்கு எவ்வளவு என்ற முடிவு வெளியே போய்விட்டது, வெட்டும்போது இரண்டு பொருள் ஒன்றின்மேல் ஒன்று படியவில்லை என்று பார்ப்பது மட்டும் உள்ளே இருக்கிறது.

திருப்பி எடுப்பதும் அப்படித்தான். எந்தக் கேபபிலிட்டி எதிலிருந்து பிறந்தது என்று ஒரு மரம் இருக்கிறது. அன்டைப்டு துண்டை ரத்து செய்தால் அதிலிருந்து வெட்டிய அத்தனையும், அவற்றிலிருந்து மற்றவர்களுக்குக் கொடுத்த நகல்களும் சேர்ந்து போய்விடும்.

பலகைச்சூடு எழுதியது:

ஒரு எச்சரிக்கை. ட்ரைவரைத் தனி ப்ராசஸாக வெளியே வைத்துவிட்டோம், இனி -67 நடக்காது என்று யாரும் நிம்மதியாகத் தூங்க வேண்டாம்.

பழையட்ரைவரின் கதையில் தப்பான இடத்தில் எழுதியது ப்ராசஸர், அதனால் பேஜ் டேபிள் (எந்த முகவரி மெமரியில் எந்த இடம் என்று காட்டும் அட்டவணை) தடுத்திருக்கும். ஆனால் நெட்வொர்க் கார்டு, டிஸ்க் கன்ட்ரோலர் எல்லாம் ப்ராசஸரைக் கேட்காமலே நேராக மெமரியில் எழுதும், அதற்கு டிஎம்ஏ என்று பெயர். ட்ரைவர் கார்டிடம் கொடுக்கும் முகவரி பௌதிக முகவரி. அதில் ஒரு இலக்கம் தவறினால் கார்டு நேராகப் போய் கர்னலின் மேலேயே எழுதிவிடும். நீங்கள் நிறுவிய இரண்டு லட்சம் வரியும் அதைத் தடுக்காது, ஏனென்றால் எழுதுவது கர்னலும் இல்லை, எந்த நிரலும் இல்லை.

இதற்குக் கார்டுக்கும் மெமரிக்கும் நடுவில், சாதனம் எந்த மெமரியைத் தொடலாம் என்று காவல் காக்கும் ஐஓஎம்எம்யூ வேண்டும், ஏஆர்எம்-ல் எஸ்எம்எம்யூ என்பார்கள். விலை குறைந்த பலகைகள் பலவற்றில் அது இருக்காது, இருந்தாலும் எல்லாச் சாதனமும் அதன் வழியாகப் போகாது. அந்த மாதிரிப் பலகையில் டிஎம்ஏ செய்யும் ஒவ்வொரு ட்ரைவரும் உங்கள் நம்பிக்கைப் பட்டியலுக்குள் வந்துவிடும். நான் பலகை தேர்ந்தெடுக்கும்போது ப்ராசஸர் வேகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சில்லின் கையேட்டில் எஸ்எம்எம்யூ அத்தியாயத்தைத்தான் திறப்பேன்.

தரவுக்கூடம் எழுதியது:

இரண்டு நாளாக இதை யோசித்துக்கொண்டிருந்தேன். நான் மேலே எழுதியதில் எதையும் திரும்பப் பெறவில்லை, ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு நிரலின் ஒரு புதுப்பிப்பு போய், மைக்ரோசாஃப்ட் கணக்கில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத் திரையில் நின்றன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகளில் வேலை நின்றது. அடிப்படைக் காரணம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். 21 புலம் இருக்கும் என்று ஒரு பக்கம் எதிர்பார்த்தது, இன்னொரு பக்கம் 20-தான் கொடுத்தது, 21-ஆவதைப் படிக்கப் போய் பட்டியலுக்கு வெளியே கால் வைத்தது. பயனர் நிரலில் நடந்திருந்தால் அந்த ஒரு நிரல் மட்டும் மூடியிருக்கும். கர்னலுக்குள், அதுவும் பூட் ஆகும்போதே ஏறும் ட்ரைவரில் நடந்ததால் இயந்திரம் எழும் ஒவ்வொரு தடவையும் விழுந்தது, ஒவ்வொரு பெட்டியாகக் கையால் தொட வேண்டியிருந்தது.

அன்றைக்கு எங்கள் இடத்தில் லினக்ஸ் சர்வர்கள் தப்பித்தன, ஆனால் அதே ரகக் கோடு எங்கள் கர்னலுக்குள்ளும் ஏறக்கூடியதுதான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பெரிய கர்னல்களே மெதுவாக வெளியே நகர்கின்றன. ஆப்பிள் 2019-ல் ட்ரைவர்கிட் கொண்டுவந்து, மற்றவர்கள் எழுதும் ட்ரைவர்களைக் கர்னலை விட்டு வெளியேற்ற ஆரம்பித்தது. லினக்ஸில் கோப்பு முறைமையை வெளியே எழுத ஃப்யூஸ் 2005-லிருந்தே இருக்கிறது. உள்ளேயே ஓட வேண்டியதற்கு ஈபிபிஎஃப் இருக்கிறது, ஏற்றுவதற்கு முன்னாலேயே அந்தத் துண்டு நிரல் எல்லையைத் தாண்டாது, முடிவில்லாமல் ஓடாது என்று ஒரு சரிபார்ப்பான் பார்த்துவிட்டுத்தான் விடும். 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1-ல் ரஸ்ட் மொழிக்கு முதல் ஆதரவு நுழைந்தது. அண்ணா, உங்கள் டைமர் பிழை மாதிரியானதைத்தான் ரஸ்ட் கம்பைல் நேரத்திலேயே பிடிக்கப் பார்க்கிறது.

என் சர்வர்களுக்கு நாளையும் லினக்ஸ்தான். ஆனால் நீரேற்று நிலையத்து பம்ப்பையோ, காரின் பிரேக்கையோ அதன்மேல் வைக்கச் சொன்னால் இன்றைக்கு நான் தயங்குவேன்.

பழையட்ரைவர் எழுதியது:

தரவுக்கூடம், இதை எழுதியதற்கு நன்றி. டிஸ்க் ட்ரைவர் செத்தால் சிஸ்டம் என்ன செய்யும் என்று கேட்டீர்கள், அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பேராசிரியர் டனென்பாம் குழு 2005-ல் வெளியிட்ட மினிக்ஸ் 3 என்ற மைக்ரோகர்னல் இயக்கு தளத்தில், ட்ரைவர்களைக் கண்காணித்துச் செத்ததை மறுபடி எழுப்பவே ஒரு சர்வர் வைத்தார்கள். டிஸ்க் ட்ரைவரின் நகலை மட்டும் மெமரியிலேயே வைத்திருப்பார்கள், ஏனென்றால் டிஸ்க் ட்ரைவரை டிஸ்கிலிருந்து ஏற்ற முடியாது. படித்து முடிக்காத பிளாக்கைக் கோப்பு முறைமை மறுபடி கேட்கும், வேலை தொடரும். எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது, பாதி அச்சடித்த பிரின்டர் வேலையை எங்கிருந்து தொடர்வது என்று யாருக்கும் தெரியாது.

லினக்ஸையும் எஸ்இஎல்4-ஐயும் எதிரெதிராகவே நிறுத்த வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா நடத்திய ஹாக்ம்ஸ் திட்டத்தில் போயிங்கின் ஆளில்லா லிட்டில் பேர்ட் ஹெலிகாப்டரில் இதைச் செய்தார்கள். கேமரா பார்த்துக்கொள்ளும் லினக்ஸ் ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள், அது எஸ்இஎல்4 மேல். தாக்குதல் குழுவுக்கு அந்த லினக்ஸுக்குள் நுழைய வழியையும் கொடுத்து, முடிந்ததைச் செய்யுங்கள் என்றார்கள். அவர்களால் அந்த லினக்ஸைக் கவிழ்க்க முடிந்தது. அதைத் தாண்டி ஹெலிகாப்டரின் பறக்கும் பகுதியைத் தொட முடியவில்லை.

புதுக்கிளை, கடைசியாக ஒரு சின்ன விஷயம், எல்லோரும் முதலில் வழுக்கும் இடம். கர்னலின் செய்திப் போக்குவரத்தை அஞ்சல் பெட்டி மாதிரி நினைக்காதே. அது அதிகார எல்லையைத் தாண்டிப் போகும் ஒரு ஃபங்ஷன் கால். கூப்பிடுபவரும் காத்திருப்பார், வாங்குபவரும் காத்திருப்பார், இருவரும் சந்தித்ததும் சின்னச் செய்தி ரெஜிஸ்டரிலேயே கைமாறும், நடுவில் எங்கேயும் தங்காது. அதனால்தான் 2009-லேயே ஒரு பழைய ஏஆர்எம் சில்லில் இருநூற்றுச் சொச்சம் சைக்கிளில் முடிந்தது. பெரிய தரவை இதில் தள்ளப் பார்த்துவிட்டு மெதுவாக இருக்கிறது என்று எழுதாதே, அதற்குப் பகிர்ந்த மெமரிப் பக்கம் இருக்கிறது.

சும்மா கையேடு படித்துக்கொண்டிருந்தால் ஏறாது. க்யூஇஎம்யூ என்ற போலி இயந்திர நிரலில் ஓட்டி, ஒரே ஒரு பக்கத்தை நீயே மேப் செய்து (ஒரு முகவரியோடு இணைத்து) பார். என்ன வருகிறது என்று இங்கே எழுது.

புதுக்கிளை எழுதியது:

மூன்று நாள் ஆயிற்று அண்ணா, இப்போதுதான் ஓடியது, உடனே எழுதுகிறேன்.

64 பிட் எக்ஸ்86 அமைப்பில் எடுத்தேன். அன்டைப்டு துண்டிலிருந்து 4 கிலோபைட் ஃப்ரேம் (ஒரு பக்க அளவு மெமரி) ஒன்றை வெட்டினேன், அது சுலபமாக வந்தது. அதை ஒரு முகவரியில் மேப் செய்யச் சொன்னதும் பிழை எண் 6 வந்தது. கையேட்டில் பார்த்தால் தேடல் தோல்வி. அரை நாள் முகவரி தப்போ, உரிமை தப்போ என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, பேஜ் டேபிளுக்கான இடத்தையும் கர்னல் தானாக எடுத்துக்கொள்ளாது, அதையும் நான்தான் வெட்டிக் கொடுக்க வேண்டும்! நிறுவல் அக்கா "நீ கொடுப்பாய்" என்று எழுதியிருந்ததைப் படித்தபோது புரிந்த மாதிரிதான் இருந்தது, ஆனால் 6 வந்த பிறகுதான் நிஜமாகப் புரிந்தது.

மேல் அடுக்கு அட்டவணை ஒன்றை வெட்டி அந்த முகவரியில் வைத்தேன். மறுபடி 6, ஆனால் எத்தனையாவது அடுக்கில் தேடல் நின்றது என்று கர்னல் சொல்லும் எண் மட்டும் மாறியிருந்தது. அடுத்த அடுக்கு வைத்தேன், மறுபடி 6, எண் இன்னும் கீழே இறங்கியிருந்தது. கடைசி அடுக்கையும் வைத்துவிட்டு மேப் செய்தேன், 0 வந்தது. அந்தப் பக்கத்தில் -67 என்று எழுதி, திரும்பப் படித்து அச்சிட்டேன். -67 வந்தது.

பிறகு வேண்டுமென்றே அதற்கு அடுத்த பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். என் நிரல் அங்கேயே நின்றுவிட்டது, எந்த முகவரியைத் தொட்டேன், எந்தக் கட்டளையில் இருந்தேன் என்று கர்னல் திரையில் எழுதிக் காட்டியது. அடுத்து இரண்டாவதாக ஒரு த்ரெட் கிளப்பி, இந்தச் செய்தி திரைக்குப் போகாமல் அந்த த்ரெட்டுக்கு வருமாறு மாற்றி, தவறிய பக்கத்தை அதையே மேப் செய்ய வைக்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு ஃபால்ட் எண்ட்பாயின்ட்டை (இந்தத் தவறுச் செய்தி வந்து சேரும் வாசல்) எந்தக் கட்டத்தில் வைக்க வேண்டும் என்று யாராவது சொல்கிறீர்களா?